வாங்கியவர் நாலு பேரிடம் சொல்ல வேண்டும்: நேரடி விற்பனை செய்யும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

விளைபொருளை மண்டிக்குக் கொண்டு போனால் விலையை முடிவு செய்பவர் வேறொருவர். கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி போக மீதிதான் கைக்கு வரும். இதிலிருந்து விடுபட, மாம்பழம், பாரம்பரிய அரிசி, தேன், செக்கு எண்ணெய், நாட்டுக்கோழி முட்டை போன்றவற்றைப் பல விவசாயிகள் வீடுகளுக்கு நேரடியாக விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதன் நோக்கமும் இதுதான். விளைவித்தவரும் சமைப்பவரும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும்.

ஆனால், நேரடி விற்பனையில் இறங்கிய பலரும் ஓரிரு பருவத்திலேயே ஒரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். முதலில் வாங்கிய உறவினர்கள், நண்பர்கள் என இருபது முப்பது வீடுகளோடு விற்பனை நின்று விடுகிறது. பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, எடையும் சரியாகத்தான் இருக்கிறது. வாங்கியவர்களும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. விளம்பரத்துக்குச் செலவழிக்கப் பணம் இல்லாத விவசாயிக்கு, வாங்கியவர் வாயால் வரும் பேச்சுதான் விளம்பரம். அந்தப் பேச்சு எப்போது பிறக்கிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

நல்ல பொருள் மட்டும் போதாதா?

சரியான எடை, சுத்தமான பொருள், சொன்ன நாளில் கொடுப்பது ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். இவை இல்லாவிட்டால் ஊரெல்லாம் பேசுவார்கள். ஆனால் இவை இருப்பதற்காக யாரும் பேச மாட்டார்கள். காசு கொடுத்தவர் இவற்றை எதிர்பார்த்துத்தான் வாங்குகிறார். எதிர்பார்த்தது கிடைத்தால் மனம் அதை உடனே மறந்து விடும்.

காய்கறிக் கடையில் கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலையே இதற்கு உதாரணம். எல்லாக் கடையிலும் கொடுக்கிறார்கள். அதனால், "அந்தக் கடையில் கறிவேப்பிலை கொடுத்தார்கள்" என்று யாரும் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வதில்லை. கொடுக்க மறந்தால் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

பேச்சு பிறப்பது எதிர்பாராத இடத்தில்தான். அந்த இடம் பெரும்பாலும் நம் கடையோ வண்டியோ அல்ல. வாங்கியவர் வீட்டுச் சமையலறை.

சமையலறையில் என்ன நடக்கிறது?

பொருளை விற்றதும் நம் வேலை முடிந்து விட்டதாக நினைக்கிறோம். வாங்கியவருக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. சமைக்கிறார், வெட்டுகிறார், ஊற்றுகிறார். கடையில் வாங்கிப் பழகியவருக்கு, தோட்டத்திலிருந்து நேரடியாக வரும் பொருள் பல விதங்களில் புதிது. அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாவிட்டால் சந்தேகம் வரும். "ஏமாற்றி விட்டார்களோ?" என்ற அந்தச் சந்தேகத்தை நம்மிடம் கேட்க மாட்டார்கள். அக்கம் பக்கத்தில் சொல்வார்கள்.

அதையே நாம் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கதை மாறிவிடும். "இப்படி ஆகும் என்று அந்த விவசாயி முதலிலேயே சொன்னார், அதே மாதிரி ஆயிற்று" என்பார்கள். சந்தேகம் வர வேண்டிய இடத்தில் நம்பிக்கை வருகிறது. நம்மால் செய்யக் கூடியவற்றில் செலவே இல்லாததும், பலன் அதிகம் தருவதும் இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று பார்ப்போம்.

பாரம்பரிய அரிசி

கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற அரிசிகளை முதல் முறை வாங்குபவர், பொன்னி அரிசியைப் போலவே களைந்து குக்கரில் வைத்து விடுவார். சோறு விறைப்பாக நிற்கும். வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அந்த வீட்டில் மறுபடி அந்த அரிசி நுழையாது.

முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும், பொன்னியைவிடக் கூடுதல் தண்ணீரும் நேரமும் தேவை என்பதைச் சொல்லியே கொடுக்க வேண்டும். அரிசியைத் தீட்டும் விதத்தைப் பொறுத்து அளவு மாறும். எனவே நீங்கள் விற்கும் அரிசியை உங்கள் வீட்டில் ஒரு முறை சமைத்துப் பார்த்து, ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை விசில் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் போட்டு விடுங்கள். முதல் முறை சோறாக வைப்பதைவிடக் கஞ்சியோ இட்லியோ செய்து பழகினால் வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள் என்பதையும் சொல்லலாம்.

கருப்புக் கவுனியைக் கழுவினால் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறும். சாயம் ஏற்றிய அரிசி என்று பயந்து கொட்டியவர்களும் உண்டு. அது ஆந்தோசயனின் என்னும் இயற்கை நிறமி. நாவற்பழத்துக்கு நிறம் கொடுப்பதும் இதே வகை நிறமிதான் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வரும், வண்டும் சீக்கிரம் பிடிக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 25 கிலோ மூட்டையைத் தள்ளி விடாதீர்கள். "இரண்டு கிலோ வாங்குங்கள், தீர்ந்ததும் புதிதாக அரைத்துத் தருகிறேன்" என்று சொல்லும் விவசாயியை யாரும் மறக்க மாட்டார்கள். குறைவாக வாங்கச் சொல்லும் வியாபாரியை அவர்கள் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாம்பழம்

இமாம் பசந்த் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். தோல் மஞ்சளாகட்டும் என்று காத்திருந்து, பழம் அழுகிய பிறகு வெட்டிப் பார்ப்பவர்கள் பலர். காம்புப் பக்கம் மணம் வருகிறதா, விரலால் லேசாக அழுத்தினால் மெதுவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழுக்காத காயை ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகப் பழுக்காது, சுவையும் கெடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நீலம் மாம்பழத்தில் வேறொரு பிரச்சினை. பிஞ்சாக இருக்கும்போதே கொட்டைக்குள் புகும் வண்டு, வெளியே எந்தத் தடயமும் காட்டாது. பழத்தை வெட்டும்போதுதான் தெரியும். "சில பழங்களில் கொட்டையில் வண்டு இருக்கலாம். அப்படி இருந்தால் எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்" என்று விற்கும்போதே சொல்லி விடுங்கள். சொல்லாமல் விட்டு, விருந்தினர் முன் வெட்டிய பழத்தில் வண்டு ஓடினால் அந்தப் பேச்சை நிறுத்தவே முடியாது.

பெட்டியில் அடுக்கும்போது, இன்று சாப்பிட வேண்டிய பழங்களை மேலேயும், இரண்டு மூன்று நாளில் பழுக்கும் காய்களை வைக்கோலோடு கீழேயும் வைத்துக் கொடுக்கலாம். வாங்கியவர் தினமும் பெட்டியைத் திறக்கும்போது உங்கள் நினைவு வரும். வீட்டுக்கு வரும் விருந்தினரிடமும் பெட்டியைக் காட்டுவார்.

தேன்

சுத்தமான தேனும் நாளானால், குளிர் பட்டால் சர்க்கரை போல உறையும். "சீனிப் பாகு கலந்திருக்கிறார்கள்" என்று உடனே முடிவு கட்டி விடுவார்கள். இது தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாவதுதான் என்பதையும், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகி விடும், அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது என்பதையும் முன்பே சொல்ல வேண்டும்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. கைக்குழந்தையோடு வருபவரிடம் இதைச் சொல்வதால் அன்று ஒரு பாட்டில் விற்காமல் போகலாம். ஆனால் தன் குழந்தையின் நலனைப் பார்த்தவர் என்று அந்தக் குடும்பம் உங்களை நினைவில் வைத்திருக்கும்.

எண்ணெய்

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் உறைந்த பாட்டிலைப் பார்த்து ஏதோ கலப்படம் என்று நினைப்பவர்கள் உண்டு. குளிர்காலத்தில் விற்கும்போது, "காலையில் உறைந்திருந்தால் வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள்" என்று சொல்லுங்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், நல்லெண்ணெயில் அடியில் லேசாகக் கசடு தங்கும். முடிந்தவரை தெளிய வைத்துக் கொடுப்பது நம் பொறுப்பு. மீறித் தங்கினால் என்ன காரணம் என்று சொல்வதும் நம் பொறுப்பு.

நாட்டுக்கோழி முட்டை

சேவலோடு சேர்ந்து வளரும் கோழியின் முட்டையில் கரு கூடியிருக்கும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாள் வெளியில் கிடந்தால் உள்ளே ரத்த நரம்பு தெரியத் தொடங்கும். வாங்கியவர் தோசைக்கல்லில் உடைத்து ஊற்றும்போது அதைப் பார்த்தால், அந்த வீட்டில் நாட்டுக்கோழி முட்டையே வேண்டாம் என்று சொல்லி விடுவார்கள். எனவே முட்டைகளைத் தினமும் சேகரிக்க வேண்டும். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, உள்ளே நிழல் தெரிவதை ஒதுக்க வேண்டும். முட்டையின் மேல் பென்சிலால் இட்ட தேதியை எழுதிக் கொடுக்கலாம். பென்சில் செலவு ஒன்றுமில்லை. ஆனால் தேதி எழுதிய முட்டையை வாங்கியவர் பக்கத்து வீட்டில் காட்டுவார்.

கடை கொடுக்க முடியாத கொசுறு

கறிவேப்பிலையைக் கடைக்காரரும் கொடுக்க முடியும். நிலம் வைத்திருப்பவர் மட்டுமே கொடுக்கக் கூடியவை சில உண்டு. அவற்றைக் கொடுக்க வேண்டும்.

மா விவசாயி, பண்டிகைக்கு முந்தின நாள் தோரணத்துக்கு ஒரு கொத்து மாவிலை கொடுக்கலாம். வாழை விவசாயி, ஆடிப் பெருக்கு, ஆயுத பூசை நாட்களில் நாலு நுனி இலை கொடுக்கலாம். முருங்கை விவசாயி காயோடு ஒரு பிடி கீரையும் கொடுக்கலாம். சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் ரசத்துக்கும் வேப்பம்பூ தேடி நகரத்தில் அலைகிறார்கள். நம் வரப்பில் கொட்டிக் கிடக்கிறது. ஒரு கைப்பிடி காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு முறையும் கொடுத்தால் அதுவும் கறிவேப்பிலை போல ஆகிவிடும். அடுத்த முறை கேட்டு வாங்குவார்கள், கொடுக்காவிட்டால் குறைபடுவார்கள். எனவே நாள் பார்த்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கொடுத்தால் போதும். அதுவும் சொல்லாமல் கொடுக்க வேண்டும்.

குறை வரும் நாள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் குறை வரும். வாங்கியவர் போன் செய்து, "பழம் அழுகியிருக்கிறது" என்பார். அப்போது நம் வாயில் முதலில் வரும் சொல், "கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்பதுதான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்பவருக்கு, நீ பொய் சொல்கிறாய் என்று சொன்னது போலத்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோ 100 ரூபாய் வீதம் ஒரு வீடு 5 கிலோ பெட்டியைப் பருவத்தில் நான்கு முறை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 ரூபாய். மூன்று பழம் கெட்டுப் போனால் மாற்றித் தர ஆகும் செலவு 100 ரூபாய்க்குள்தான். வாதாடி அந்த 100 ரூபாயைக் காப்பாற்றினால், இந்தப் பருவத்தின் மீதி விற்பனையும், வரும் ஆண்டுகளின் விற்பனையும், அந்த வீட்டின் மூலம் வந்திருக்கக் கூடிய வீடுகளும் போய்விடும்.

எனவே, "எத்தனை பழம்? அடுத்த பெட்டியில் சேர்த்து வைத்து விடுகிறேன்" என்று சொல்லி முடித்து விடுங்கள். போட்டோ கேட்க வேண்டாம், திருப்பி அனுப்பச் சொல்லவும் வேண்டாம். சொன்னபடி அடுத்த பெட்டியில் வைக்கும்போது, ஒரு பழம் கூடுதலாக வையுங்கள். குறையே வராத வீட்டைவிட, குறை வந்து நல்லபடியாகத் தீர்ந்த வீடுதான் நம்மைப் பற்றி அதிகம் பேசும். சொல்வதற்கு அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது அல்லவா?

குறை நமக்கே முன்பு தெரிந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நாமே சொல்லி விட வேண்டும். அறுவடைக்கு முன் மழை பெய்து தக்காளி வெடித்திருந்தால், "மழையில் நனைந்த காய், இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, தொக்கு செய்யலாம்" என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுங்கள்.

ஒரு நோட்டு போதும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், தெரு, எப்போது என்ன வாங்கினார், யார் சொல்லி வந்தார், ஏதாவது சொன்னாரா என்று குறித்து வையுங்கள். "அப்பாவுக்குச் சர்க்கரை, அதனால்தான் சிறுதானியம்", "மகன் ஆனி மாதம் வெளியூரிலிருந்து வருகிறான்" போன்றவை வியாபாரக் கணக்கில் வராதவை. ஆனால் அடுத்த முறை, "தம்பி வந்தாச்சாம்மா?" என்று கேட்டால் அந்த வீட்டில் நீங்கள் வெறும் வியாபாரி அல்ல.

புதிதாக வாங்கியவருக்கு மூன்றாம் நாள் ஒரு போன் செய்யுங்கள். "அரிசி எப்படி வந்துச்சு, சோறு பதமா இருந்துச்சா?" என்று கேட்டால் போதும். அந்த அழைப்பில் மறுபடி வாங்கச் சொல்லக் கூடாது. சமைத்ததில் தவறு இருந்தால் அப்போதே திருத்தி விடலாம். விற்றபின் போன் செய்து விசாரிக்கும் வழக்கம் கடைகளில் அரிது. அதனால்தான் அது நினைவில் நிற்கிறது.

வாட்ஸ்அப்பில் தினமும் காலை வணக்கம் அனுப்புவது இதற்கு நேர் எதிரானது. அறுவடை தொடங்கும்போது ஒரு செய்தி, முடியும்போது ஒரு செய்தி. அதற்கு மேல் அனுப்பினால் நம் எண்ணைப் பார்க்காமலேயே ஒதுக்கி விடுவார்கள்.

சொல்வதற்கு வசதி செய்து கொடுங்கள்

ஒருவர் நம்மைப் பற்றிச் சொல்ல நினைத்தாலும், "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கும்போது பெயரும் எண்ணும் கையில் இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எனவே ஒவ்வொரு பையிலும் ஒரு சிறு சீட்டு இருக்க வேண்டும். உங்கள் பெயர், ஊர், ரகத்தின் பெயர், அறுவடை செய்த தேதி, செல்பேசி எண், அடியில் அந்தப் பொருளைப் பயன்படுத்தும் முறை இரண்டு வரி. எண்ணெய் பாட்டிலில் ஒட்டி விடலாம்.

புதியவர் வந்தால் யார் சொன்னார் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். சொன்னவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு சொன்னார் என்ற பேச்சு வந்தால் அவருடைய சொல்லுக்கே மதிப்பு போய்விடும். அடுத்த முறை பார்க்கும்போது, "நீங்க சொல்லித்தான் அவங்க வந்தாங்க, ரொம்ப நன்றிங்க" என்று சொன்னாலே போதும்.

செய்யக் கூடாதவை

1. மண்டியில் வாங்கி, நம் தோட்டத்துப் பொருள் என்று விற்கக் கூடாது. தேவை அதிகமானால், "இந்த வாரம் இல்லை" என்று சொல்லுங்கள். ஒரு வீட்டுக்குத் தெரிந்தாலும், இத்தனை நாள் சேர்த்த பெயர் போய்விடும்.

2. சான்று இல்லாமல் "இயற்கை விளைபொருள்" என்று அச்சடிக்கக் கூடாது. அங்ககச் சான்று பெற, தமிழ்நாடு விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். சான்று இல்லாதவர்கள், என்ன உரம் போட்டோம், என்ன மருந்து அடித்தோம் என்பதை உள்ளபடி சொன்னாலே வாங்குபவர் மதிப்பார்.

3. மாம்பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. வைக்கோல் வைத்துப் பழுக்க வைப்பதே நேரடி விற்பனைக்கு ஏற்றது.

4. முத்திரையிடாத தராசில் எடை போடக் கூடாது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையில் முத்திரை பெற வேண்டும். எண்ணெய், ஊறுகாய், மாவு என்று மதிப்புக் கூட்டி விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையும் பெற வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் உங்களிடம் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கியவர் வீட்டில் எந்த இடத்தில் சந்தேகப்படுவார், எந்த இடத்தில் தவறு செய்வார் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். சமையலறை அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதை நாலு வரியில் எழுதி, அடுத்த பையிலேயே போட்டு அனுப்புங்கள்.

இருபது வீட்டில் ஐந்து வீடு, தலைக்கு ஒரு புது வீட்டைக் கொண்டு வந்தாலே, அடுத்த பருவத்தில் இருபத்தைந்து வீடு ஆகும். அந்த ஐந்து வீட்டுப் பொருள் மண்டிக்குப் போகாது. அதற்கு விலை சொல்பவர் நீங்கள்தான்.